இரவல் நடுக்கம்

எனக்கு என்ன வேலைன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு அடுத்தவங்க பயப்படறதைக் கேட்கறது. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் அதே பொழப்பு. சேர்ந்த புதுசுல பக்கத்து வீட்டு அக்கா, "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறானுங்க? எங்க வீட்டுக்காரர் குறட்டையைக் கேட்டா எனக்கு என்ன குடுப்பான், விசாரிச்சுச் சொல்லு"ன்னாங்க. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

முதல் நாள் பௌசியா மேடம்தான் விளக்கமாச் சொன்னாங்க. எங்க சூப்பர்வைசர். என்னைவிட ரொம்பச் சின்னவங்க, அதனால என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க.

"வேலைக்கு ஆள் எடுக்கறவங்க இப்ப வீடியோவை நம்பறதில்லைங்கக்கா. மூஞ்சியை யார் வேணாலும் எப்படி வேணாலும் செஞ்சுக்கறாங்க. அதனால பழையபடி போனுக்கே வந்துட்டாங்க. போன்லயும் பாதிப் பேருக்குப் பதிலா மெஷின்தான் பேசுது. எந்தக் கேள்வி கேட்டாலும் கரெக்டா பதில் சொல்லும். ஆனா ஒண்ணு, அதுக்குப் பயம் வராது."

"ஏனுங்க வராது?"

"வேலை கிடைக்கலைன்னா அதுக்கு என்னக்கா நட்டம்? வீட்டுல அரிசி இல்லாமப் போகுமா? மனுசனுக்குத்தான் தொண்டை அடைக்கும். அதனால குரல்ல நடுக்கம் இருந்தா மனுசன், இல்லைன்னா மெஷின். அதைப் புடிச்சுக் குடுக்கறதுதான் நம்ம கம்பெனி வேலை. மெஷினை மெஷின் ஏமாத்திருது. உங்களாட்டக் காதுக்குத்தான் இன்னும் மதிப்பு."

எனக்கு நெஞ்சுக்குள்ள சுருக்குன்னுச்சு. காரணம் இருக்குதுங்க.

எங்க வீட்டுக்காரர் லோகநாதன் ஒரு பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்த்துட்டு இருந்தவரு. கம்பெனியை மூடினாங்க. அப்புறம் எங்கெங்கயோ அப்ளிகேஷன் போட்டாரு, எல்லா இடத்துலயும் இன்டர்வியூ போன்லதான். நேர்லன்னா மனுசன் ஜோராப் பேசுவாரு. கோயில் விசேஷத்துல மைக்கைக் குடுத்தா புடுங்கத்தான் ஆள் வேணும். ஆனா இன்டர்வியூ போன் அடிச்சுதா, போச்சு. "எதிர்ல மூஞ்சி தெரியலையே ரேணு. அவன் சிரிக்கறானா, முறைக்கறானான்னு தெரியாம என்னத்தைப் பேசறது?"ம்பாரு.

இன்டர்வியூ அன்னிக்கு அவர் பண்ற கூத்தைப் பார்க்கணும். இஸ்திரி போட்ட சட்டையை இன் பண்ணிக்குவாரு. தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரிக்குவாரு. அப்புறம் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுட்டு, நீலப் பக்கெட்டுல தண்ணி புடிச்சு ரெண்டு காலையும் அதுக்குள்ள விட்டுக்கிட்டு உட்காருவாரு. பாதத்துல சில்லுன்னு பட்டா படபடப்பு அடங்கும்னு யாரோ சொன்னாங்களாம்.

"போன்ல எவனுங்க உங்க சட்டையைப் பாக்கப் போறான்?"

"எனக்குத் தெரியுதில்ல? நீ பொட்டாட்ட அந்தப் பக்கம் போ ரேணு, வாய் உலருது."

"உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு அந்தப் பக்கம் கேட்பாங்க. இவர், "வந்துங்க..."ன்னு ஆரம்பிப்பாரு. ஒரு முழுங்கு முழுங்குவாரு. மூக்கால சத்தமில்லாம ஒரு சின்னச் சிரிப்பு. ஒரு நீள மூச்சு. கால் தன்னால அசையும், பக்கெட்டுத் தண்ணி சளக்குன்னு அலம்பும். அதுக்கப்புறம்தான் பேரே வெளிய வரும். அந்தக் காலத்துல நடுக்கம்னா ஆகாது. 'தன்னம்பிக்கை போதவில்லை'ன்னு மூணாவது கேள்விக்குள்ள முடிச்சுக்குவாங்க. போனை வெச்சதுக்கப்புறமும் தண்ணிக்குள்ளயே காலை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. நான்தான் துண்டை எடுத்துட்டுப் போயி, "போதுமுங்க, எந்திரிங்க, கால் ஊறிப்போச்சு"ம்பேன். எங்க பொண்ணு கனிஷ்கா கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு இருப்பா.

ஒருக்கா குரல் ஆராய்ச்சின்னு ரெண்டு பேரு வீட்டுக்கு வந்தாங்க. இவரோட பழைய இன்டர்வியூ ரெக்கார்டு எல்லாத்தையும் வாங்கிட்டுப் போனாங்க. பதிலுக்கு ஒரு மிக்சி குடுத்தாங்க. "பாத்தியா ரேணு, என் நடுக்கத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குது"ன்னு அன்னிக்கு முழுக்க அதுல சட்னி சட்னியா அரைச்சாரு. அதுக்கடுத்த மழைக்காலத்துல மஞ்சக்காமாலை முத்தி, ஆசுபத்திரியிலயே கண்ணை மூடிட்டாரு. கனிஷ்கா அப்பப் பள்ளிக்கூடப் புள்ளை. மறுபடி ஒரு வேலைக்குப் போகாமயே அவர் போய்ச் சேர்ந்ததுதான் எனக்குத் தீராத வயித்தெரிச்சல்.

நான் இந்த வேலைக்கு வந்து கொஞ்ச நாள்லயே ஊருக்குள்ள புதுசா ஒரு வியாபாரம் கெளம்பிருச்சு. ரீசார்ஜ் கடையில போனைக் குடுத்தா 'பயம் ஏத்தி'க் குடுப்பாங்க. மெஷின் பேசினாலும் சரி, மனுசன் பேசினாலும் சரி, குரலுக்கு மேல ஒரு நடுக்கம் ஏறிக்கும். கேட்கறவனுக்கு நெசம் மாதிரியே இருக்கும். திக்கற பயம், மூச்சு வாங்கற பயம்னு விதவிதமா. முறுக்குக் கடையாட்ட ஆயிருச்சு பொழப்பு. "இரவல் குரல்னு சந்தேகம் வந்தா உடனே சொல்லுங்கக்கா"ன்னாங்க பௌசியா மேடம்.

ஒரு நாள் சேலத்துப் பொண்ணு ஒருத்தி, பேங்க் வேலைக்கு. கேள்வி கேட்கற மெஷின், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"னுச்சு.

"வந்துங்க..."

ஒரு முழுங்கு. மூக்கால ஒரு சின்னச் சிரிப்பு. ஒரு நீள மூச்சு. அதுக்கு அடியில, காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாத்தான் கேட்கும், சளக்குன்னு தண்ணி.

என் கையில இருந்த டீ டம்ளர் மடியில கவுந்திருச்சு. சுட்டது கூட உறைக்கலை. குரல் அந்தப் பொண்ணோடது. நடுக்கம் எங்க வீட்டுக்காரரோடது. அந்தப் பாவிங்க மிக்சியைக் குடுத்துட்டு எதை எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நடுக்கத்தை உரிச்சு எடுத்தவங்களுக்கு அதோட ஒட்டிக்கிட்டு வந்த தண்ணிச் சத்தம் தெரியலை. தெரிஞ்சிருந்தா தொடைச்சிருப்பாங்க.

நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? 'மனிதர்'னு பட்டனை அமுக்கினேன்.

அப்புறம் அடிக்கடி வர ஆரம்பிச்சாரு. தர்மபுரிக்காரன் ஒருத்தன் குரல்ல, நாகர்கோவில் டீச்சர் ஒருத்தி குரல்ல. எல்லாரையும் பாஸ் பண்ணிவிட்டேன். காலையில ஆபீசுக்குக் கெளம்பறப்ப நல்ல சேலையாப் பார்த்து எடுத்துக் கட்டினேன், தலைக்குப் பூ வெச்சேன். "என்னம்மா, ஆபீஸ்ல ஏதாவது ஃபங்ஷனா?"ன்னு கனிஷ்கா கிண்டல் பண்ணுவா. "அக்கட்டால போடி"ம்பேன். அவகிட்ட நான் சொல்லலை. சொன்னா கை விட்டுப் போயிருமோன்னு ஒரு பயம். அவரைக் கேட்டாத்தான் அன்னிக்குச் சோறு இறங்கும்னு ஆயிப்போச்சு.

அதையும் ஒரு நாயி வந்து கெடுத்துச்சு. யாரோ ஒரு பையன், பெரிய கம்பெனியில மேனேஜர் வேலைக்குப் பேசினான். நல்லா நடுங்கிப் பேசி முடிச்சான். முடிச்சவன் லைனைக் கட் பண்ண மறந்துட்டான். கூட இருந்தவன்கிட்ட சிரிக்கறது எனக்குக் கேட்குது. "மச்சான், கடையில ஏத்தின அந்த அழுமூஞ்சி நடுக்கம் செமையா வேலை செய்யுதுடா! எவனோ ஒரு இளிச்சவாயன் நடுங்கியிருக்கான், நமக்கு மேனேஜர் வேலை!"

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அவர் நடுங்கினப்ப எச்சில் கையால கூட ஒரு வேலை குடுக்கலை. அவர் நடுக்கத்தைத் திருடிப் போட்டுக்கிட்டவனுக்கு ஏசி ரூமும் காரும். அதை விடுங்க. அப்பத்தான் இன்னொண்ணு உறைச்சுது. அந்த மனுசனை யாரும் எந்திரிக்கவே விடலை. செத்தும் தினம் தினம் இன் பண்ணின சட்டையோட, தண்ணிக்குள்ள காலை விட்டுக்கிட்டு, கண்டவனுக்கெல்லாம் உட்கார்ந்து பயந்துக்கிட்டு இருக்காரு. நான் துண்டை எடுத்துட்டுப் போகாம பூ வெச்சுக்கிட்டு ரசிச்சுக் கேட்டுட்டு இருக்கேன்.

நேரா பௌசியா மேடம்கிட்டப் போயிட்டேன். "மேடம், ஒரு இரவல் நடுக்கம் சுத்திட்டு இருக்குதுங்க. அடியில தண்ணிச் சத்தம் வரும். அதுதான் அடையாளம்."

அவங்க போட்டுக் கேட்டாங்க. ரெண்டாவது தடவை கேட்டப்பக் கண்ணு விரிஞ்சுது. "அம்மாடி! இது எங்க யாருக்குமே கேட்கலையேக்கா! எப்படிப் புடிச்சீங்க?"

"கேட்டுக் கேட்டுப் பழக்கம்ங்க"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை.

மெஷினுக்குச் சொல்லிக்குடுத்துட்டாங்க. அந்த நடுக்கமும் தண்ணியும் சேர்ந்து வந்தா ஆள் காதுக்கு வர்றதுக்கு முன்னாடியே லைன் அறுந்திரும். பேசினவங்க மூணு வருசத்துக்கு எந்தப் போன் இன்டர்வியூவுக்கும் உட்கார முடியாது, எல்லாக் கம்பெனிக்கும் தகவல் போயிரும். எனக்கு ஆபீஸ்ல கை தட்டினாங்க, கேக் வெட்டினாங்க. வீட்டுக்கு வந்து அவர் போட்டோ முன்னாடி நின்னு, "போதுமுங்க, எந்திரிங்க"ன்னேன். அழுதேன். ஆனா மனசு லேசாத்தான் இருந்துச்சு.

அடுத்த நாள்லயிருந்து ஹெட்போன்ல அவர் வரலை.

கனிஷ்கா கண் பரிசோதனைப் படிப்புல கடைசி வருசம். பெரிய கண் ஆசுபத்திரி ஒண்ணுல வேலை பாக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. வருசத்துக்கு ஒருக்கா ஆள் எடுப்பாங்க, அதை விட்டா அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தா, நடுவீட்டுல உட்கார்ந்திருக்கா. இஸ்திரி போட்ட சுடிதார். படிய வாரின தலை. பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, ரெண்டு காலும் நீலப் பக்கெட்டுக்குள்ள.

பையைக் கூட வைக்காமக் கிட்டப் போனேன். "என்ன அம்மிணி இது?"

"இன்னிக்கு ஆசுபத்திரி இன்டர்வியூம்மா. உங்கிட்டச் சொன்னா டென்ஷன் ஆவேன்னு சொல்லலை. ஆரம்பிச்ச உடனே கட் ஆயிருச்சும்மா. 'இந்தக் குரல் உங்களுடையது அல்ல'ன்னு சொல்லுச்சு. நான் பேரைக் கூட முழுசாச் சொல்லலை. வந்துங்கன்னு ஆரம்பிச்சேன், அவ்வளவுதான்."

"தண்ணிக்குள்ள எதுக்குடி காலை விட்டே?"

"பயமா இருந்துச்சும்மா. மூஞ்சி தெரியாத ஆளுகிட்ட எப்படிப் பேசறது? அப்பா இப்படித்தானே உட்காருவாரு."

நான் அவளை அதுவரைக்கும் பயந்து பேசிக் கேட்டதே இல்லைங்க. இப்பக் கேட்டேன். சொல்லி முடிச்சுட்டு ஒரு முழுங்கு முழுங்கினா. மூக்கால சத்தமில்லாம ஒரு சின்னச் சிரிப்பு, அழுகையை அடக்கறதுக்காக. கால் அசைஞ்சு தண்ணி சளக்குன்னுச்சு. அப்பன் ரத்தமாச்சே, எங்க போகும்? ஒருத்தரும் அவளுக்கு ஏத்திவிடலை. அவ அவர் புள்ளை, அவ்வளவுதான்.

அங்கயே தரையில உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். மிக்சி குடுத்தது, ஹெட்போன்ல அவர் வந்தது, தண்ணிச் சத்தத்தை நான் காட்டிக் குடுத்தது. என்னைத் திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா தேவலை.

"அப்பாவை டெய்லி கேட்டியாம்மா?"

"ம்."

"எனக்கு அவர் குரலே மறந்து போச்சும்மா. ஒரே ஒரு தடவை என்னையும் கேக்க வெச்சிருக்கலாமில்ல?"

அவளே காலை வெளிய எடுத்து, ஈரத்தோட உள்ள போயிட்டா.

மறுநாள் பௌசியா மேடம் முன்னாடி நின்னேன். அவர் யாருன்னு சொன்னேன், அவ யாருன்னு சொன்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாங்க.

"உங்க பொண்ணுக்கு மட்டும் வழி விட முடியாதான்னு நானும் யோசிச்சுப் பார்க்கறேங்கக்கா. மெஷினுக்கு அப்பன் நடுக்கமும் ஒண்ணுதான், மக நடுக்கமும் ஒண்ணுதான். அந்த அடையாளத்தையே மொத்தமா எடுத்தாத்தான் உண்டு. அப்பத்தான் அவ மேல விழுந்த மூணு வருசத் தடையும் போயி, மறுபடியும் கூப்பிடுவாங்க."

"எடுங்க."

"சும்மா எடுக்க முடியாதுக்கா. அடையாளம் சொன்னவங்களே 'நான் சொன்னது தப்பு, அந்த நடுக்கம் நெசம்'னு சொல்லணும். சொன்னீங்கன்னா ரெண்டு நடக்கும். உங்க காதை இனி யாரும் நம்பமாட்டாங்க, இந்தச் சீட்டு போயிரும். இன்னொண்ணு..." அவங்க தயங்கினாங்க. "கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சுரும். உங்க வீட்டுக்காரரை மறுபடியும் எல்லாரும் ஏத்திக்குவாங்க. பாஸ் ஆகற நடுக்கம்னு பேர் வேற வந்துரும். முன்னைவிட அதிகமா."

அவரைத் தூக்கி வெளிய விட்டவளும் நான். திரும்ப உட்கார வைக்கப் போறவளும் நான். அவர் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். புள்ளைக்குன்னா தண்ணிக்குள்ள என்ன, நெருப்புக்குள்ளயே காலை விடுவாரு. 

"நான் சொன்னது தப்புங்க மேடம்"னேன். "அந்த நடுக்கம் நெசம்தாங்க."

ரெக்கார்டு பண்ணிக்கிட்டாங்க. ஹெட்போனைக் கழட்டி மேசை மேல வெச்சேன். "கடைசியா ஒருக்கா அவரைக் கேட்டுக்கறீங்களாக்கா? பழைய ரெக்கார்டு ஒண்ணு எங்கிட்ட இருக்குது"ன்னு மேடம் கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேட்கறது?

ஆசுபத்திரியில இருந்து கனிஷ்காவுக்கு மறுபடியும் போன் வந்துச்சு. இந்தத் தடவை நான் வீட்டுலதான். எனக்குத்தான் வேலை இல்லையே. நானே பக்கெட்டுல தண்ணி புடிச்சு வெச்சேன். சுடிதாருக்கு நானே இஸ்திரி போட்டேன். "போன்ல எவன்மா என் டிரெஸ்ஸைப் பாக்கப் போறான்?"ன்னா. "உனக்குத் தெரியுதில்ல?"ன்னேன். துண்டை மடியில வெச்சுக்கிட்டு, கதவுக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

"வந்துங்க..."

முழுங்கினா. மூக்கால சிரிச்சா. நீள மூச்சு விட்டா. தண்ணி சளக்குன்னுச்சு. நான் துண்டை வாயில அமுக்கிக்கிட்டேன். லைன் அறுந்துருமோ, அறுந்துருமோன்னு உசுரைக் கையில புடிச்சுட்டு நின்னேன். அறுகலை. அந்தப் பக்கம் என் சீட்டுல யாரோ ஒரு புதுப் பொண்ணு உட்கார்ந்து கேட்டிருப்பா. 'மனிதர்'னு பட்டனை அமுக்கியிருப்பா.

கனிஷ்கா பேரைச் சொன்னா. மூணாவது கேள்வியைத் தாண்டினா. அதுக்கு மேல அவ பேச்சுல நடுக்கமே இல்லை. கண்ணைப் பத்தி என்னென்னமோ சொன்னா, எனக்கு ஒண்ணும் புரியலை. கடைசியில, "வாழ்த்துக்கள், அடுத்த வாரம் நேரில் வாருங்கள்"னுச்சு.

போனை வெச்சுட்டு அவ அழுதா, சிரிச்சா, "அம்மா, அப்பா பாஸாயிட்டாரும்மா!"ன்னு கத்தினா. நான் போயி அவ காலைத் தூக்கித் துண்டால தொடைச்சேன். விரல் எல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்துச்சு. "போதும் அம்மிணி, எந்திரி"ன்னேன். அவ எந்திரிச்சுப் பக்கத்து வீட்டு அக்காகிட்டச் சொல்ல ஓடினா.

நான் பக்கெட்டைத் தூக்கிட்டுப் போயி வாசல்ல கொட்டலாம்னு நின்னேன். அப்பத்தான், ரீசார்ஜ் கடையில எல்லாம் இந்நேரம் கூட்டமா இருக்கும்னு நினைப்பு வந்துச்சு. கொட்டாம திரும்பக் கொண்டாந்து, அவர் எப்பவும் உட்கார்ற இடத்துலயே வெச்சேன். அந்த மனுசன் இன்னும் எந்திரிக்கலையே.